பரீக்ஷையும் பக்ஷபாதமும்

கலாசாலைப் பரீக்ஷை முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு பருவத்திலும், மாணாக்கர்களிடமிருந்தும் அவர்களைப் பெற்றோரிடமிருந்தும் நமக்குக் கடிதங்கள் வருவது வழக்கம். ஊரும் கையெழுத்தும் வேறு வேறாயினும், அவற்றிற் பெரும்பாலானவற்றில் காணப்படும் முறைப்பாடு ஒன்றே. "முகமறியாத பரீக்ஷகர் திருத்திய தாளில் நல்ல மார்க்கு வந்திருக்கிறது, முகமறிந்த ஆசிரியர் கொடுத்த மார்க்கு மட்டும் குறைந்திருக்கிறது, காரணம் கேட்டால் அடுத்த பருவத்தில் இன்னும் குறையுமோ என்று அஞ்சுகிறோம்" என்பதே அது. இம்முறைப்பாடுகள் யாவும் மெய்யென்று சொல்ல நாம் வரவில்லை. தோற்றவன் நடுவரைக் குறை கூறுவது உலக இயல்பு. ஆனால், மெய்யா பொய்யா என்று கண்டறிய வழியிருந்தும் அதைக் கையாளாமல், மனுக்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவது நியாயமாகுமா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

மார்க்கு என்பது அற்ப விஷயமன்று. 60 வாங்கியவன் முதல் வகுப்பு. 59 வாங்கியவன் இரண்டாம் வகுப்பு. உபகாரச் சம்பளமும், மேற்படிப்பில் இடமும், கம்பெனிகள் கலாசாலைக்கே வந்து ஆளெடுக்கும் நாளில் உள்ளே நுழையும் தகுதியும் பல சமயங்களில் அந்த ஒரு மார்க்கிலே தொங்குகின்றன. பத்து ரூபாய் வழக்கைத் தீர்க்கும் முன்சீபுங்கூடத் தம் தீர்ப்பை எல்லாரும் பார்க்கக் கச்சேரியில் அமர்ந்து சொல்கிறார். அதன்மேல் மேல் கோர்ட்டுக்குப் போக வழியுண்டு. ஓர் இளைஞனின் வாழ்க்கையை நிர்ணயிக்கும் ஆசிரியரோ, தனியறையில், சாக்ஷியின்றி, காரணம் எழுதாமல், ஓர் எண்ணை மட்டும் எழுதி வைக்கிறார். இத்துணை அதிகாரம் பெற்ற பீடத்தில் பக்ஷபாதம் புகுந்துள்ளதா என்று பார்ப்பது ஜனங்களின் உரிமை.

லஞ்சம் வாங்கி மார்க்குப் போடுவோரைப் பற்றியோ, ஜாதித் துவேஷத்தை வெளிப்படையாகக் காட்டுவோரைப் பற்றியோ நாம் இங்கே பேசவில்லை. அவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதை நடத்தும் துணிவு வேண்டும். நாம் கருதுவது வேறொரு வகை. ஆசிரியர் நல்லவர், நடுநிலைமையில் நிற்பதாகவே மனப்பூர்வமாக நம்புகிறார். ஆயினும், தாளின் மேல் ஒரு பெயரைக் கண்டதும், அல்லது முன் வரிசையில் அமர்ந்து இங்கிலீஷில் சரளமாகப் பேசும் பையனின் முகம் நினைவுக்கு வந்ததும், அவர் அறியாமலே பேனா சற்று வளைந்து கொடுக்கிறது. தராசுக்காரன் கள்ளனல்லன், தராசின் முள்தான் சாய்ந்திருக்கிறது. உளவியலார் இதனை மறைந்த மனச்சாய்வு என்கின்றனர். தன்னை அறியாத இத்தகைய பக்ஷபாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆசிரியரின் நெஞ்சைத் திறந்து பார்ப்பதால் இயலாது. 1998 ஆம் வருஷத்தில் அமெரிக்க உளவியலார் மூவர் இதற்கென ஒரு சோதனையை வெளியிட்டனர். திரையில் தோன்றும் சொற்களையும் படங்களையும் ஒருவர் எத்தனை விரைவாக வகைப்படுத்துகிறார் என்பதைக் கொண்டு, அவருடைய உள்ளத்தின் சாய்வை அளக்க முயன்றனர். அது உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஒரே மனிதருக்கு இருவேறு நாட்களில் அச்சோதனை இருவேறு விடை தருவதும் உண்டு. ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்பதை அதைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது என்று ஆராய்ச்சியாளர் பலர் காட்டியுள்ளனர். ஆசிரியர்களை வரிசையில் நிறுத்தி இச்சோதனைக்கு உட்படுத்துவதால் அவமானம் மிஞ்சும்; நியாயம் கிட்டாது.

இவ்விஷயத்தில் நமது நாட்டுச் சட்டம் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. 1969 ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் கிரைபாக் வழக்கில் தீர்ப்பளித்தனர். ஜம்மு காஷ்மீரில் வன இலாகா உத்தியோகஸ்தர்களைத் தேர்ந்தெடுக்கும் சபையில், அத்தேர்வுக்குத் தாமே ஒரு அபேக்ஷகராக இருந்தவரும் அங்கத்தினராக அமர்ந்திருந்தார். ஒருவருடைய மனநிலையை நிரூபிப்பது கடினம்; ஆகவே பக்ஷபாதம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்று கோர்ட்டார் கூறினர். மனத்தை விட்டுவிட்டு, சந்தர்ப்பத்தையும் விளைவையும் பார் என்பது இதன் சாரம். மார்க்கு விஷயத்திலும் நாம் பின்பற்ற வேண்டிய நெறி இதுவே.

முதலில் மார்க்கு எத்தனை உறுதியானது என்று காண்போம். 1890 ஆம் வருஷத்தை ஒட்டி எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர், ஒரு லத்தீன் உரைநடைப் பகுதியைப் பத்திரிகையில் வெளியிட்டு, இந்தியன் சிவில் சர்வீஸ் பரீக்ஷையில் எழுதப்பட்டதாக எண்ணி அதற்கு மார்க்குப் போடுமாறு தகுதி வாய்ந்த பரீக்ஷகர்களைக் கேட்டார். 28 பேர் போட்டனர். ஒருவர் 45 என்றார். ஒருவர் 100 என்றார். 1912 ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே இங்கிலீஷ் விடைத்தாளை 142 பள்ளிகளில் திருத்தச் செய்தனர். 64 முதல் 98 வரை மார்க்குகள் வந்தன. கணிதத்தில் இப்படி நேராது என்றார் சிலர். அடுத்த வருஷம் ஒரு வடிவ கணிதத் தாளை அனுப்பினர். அதற்கு 30க்குக் கீழும் கிடைத்தது, 90க்கு மேலும் கிடைத்தது.

டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராயிருந்த ஸர் பிலிப் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1935 ல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனினும் விந்தையானது. சரித்திரத் தாள்கள் 15ஐ ஒருமுறை திருத்திய அதே பரீக்ஷகர்கள் 14 பேரிடம், ஒரு வருஷத்துக்கும் மேலான காலம் கழித்து, அதே தாள்கள் திரும்பக் கொடுக்கப்பட்டன. ஆகமொத்தம் 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. தேறியவன் தவறினான், தவறியவன் தேறினான். தாளும் மாறவில்லை, பரீக்ஷகரும் மாறவில்லை. அவருடைய அபிப்பிராயம் மாத்திரம் மாறிற்று.

இவை பக்ஷபாதம் ஆகா, தளர்ச்சி மாத்திரமே. ஆனால் வேலி தளர்ந்த இடத்தில்தான் ஆடு புகும். அளவுகோல் உறுதியாயிருந்தால் பேனா வளைவதற்கு இடமில்லை. உறுதியற்றிருக்கும் இடத்தில்தான் பெயரும் முகமும் புகுந்து வேலை செய்கின்றன. தற்செயலான பிழை எல்லார் தலையிலும் மழைபோல் பெய்யும். இன்று ஒருவனுக்கு நஷ்டம், நாளை அவனுக்கே லாபம். பக்ஷபாதமோ எப்பொழுதும் ஒரு பக்கமாகவே பெய்யும். ஆகவே ஒரு தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பல தாள்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பெயரை மாற்றிப் பார்ப்பது. ஹன்னா, லிண்டன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் நமது நாட்டிலேயே இதைச் செய்து, 2012 ல் முடிவை வெளியிட்டனர். சிறுவர்கள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் வயது, ஆண் பெண் வேற்றுமை, ஜாதி ஆகியவற்றைச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் தாமே எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். தாளின் தரத்துக்கும் முகப்பில் கண்ட ஜாதிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆயினும், தாழ்ந்த ஜாதி என்று குறித்த தாள்களுக்குச் சராசரியில் சற்றுக் குறைவாகவே மார்க்கு விழுந்தது. வேற்றுமை சிறிதுதான், ஆனால் அது ஒரே பக்கமாக இருந்தது. இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வாறு குறைத்துப் போட்டவர்கள் முக்கியமாகத் தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. சமூகம் ஒரு குழந்தையைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை, அக்குழந்தையின் இனத்தாரே நம்பத் தொடங்கிவிட்டனர் என்றே இதற்கு நாம் பொருள் கொள்கிறோம்.

இரண்டாவது வழி, பெயரறிந்த கை போட்ட மார்க்கையும் பெயரறியாத கை போட்ட மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும் மாணாக்கர், ஏறக்குறைய ஒரே பாடப்பகுதிக்கு இரண்டு பரீக்ஷைகள் எழுதினர். ஒன்றைச் சொந்த ஆசிரியர் திருத்துவார்; மற்றொன்றைப் பெயரறியாத வெளிப் பரீக்ஷகர் திருத்துவார். பேராசிரியர் விக்டர் லாவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2008 ல் வெளியிட்டார். பெண்களுக்கு அநீதி நடந்திருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆராய்ந்த ஒன்பது பாடங்களிலும், பெயரறிந்த மார்க்கில் பின்தங்கியவர் ஆண் பிள்ளைகளாகவே இருந்தனர்.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையில் கலாசாலைத் தாள்களைக் கொண்டே ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2016 ல் வெளியாயிற்று. திருவுளச்சீட்டு முறையில் சில தாள்களின் பெயரை மறைத்தும், சிலவற்றின் பெயரைக் காட்டியும் திருத்தச் செய்தனர். பெயர் தெரிந்தபோது, பரீக்ஷகர் தம் தேசத்தாருக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டனர். பிற தேசத்தாருக்குக் குறைத்துப் போடவில்லை. அதாவது அங்கே கண்டது துவேஷமன்று, சொந்தப் பாசம். ஆனால் இடங்கள் சிலவே இருந்து போட்டி பெரிதாயிருக்கும் நாட்டில், ஒருவனுக்குக் கூட்டிப் போடுவதும் மற்றவனுக்குக் குறைத்துப் போடுவதும் ஒன்றுதான் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

ஜாதியும் தேசமும் சேராத இடத்திலுங்கூடச் சாய்வு உண்டு. அமெரிக்காவில் மிஷிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 2024 ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று கோடிக்கு மேற்பட்ட மார்க்குப் பதிவுகளைச் சோதித்தனர். கணினி, தாள்களைப் பெயரின் அகரவரிசைப்படி ஆசிரியருக்குக் காட்டுகிறது. வரிசையின் கடைசியில் வரும் பெயரினருக்கு, முதலில் வரும் பெயரினரைக் காட்டிலும் 100க்குச் சுமார் 0.6 மார்க்கு குறைந்தது. ஆசிரியரின் களைப்பு காரணமாகலாம் என்கின்றனர். எந்த ஆசிரியரும் கடைசி எழுத்துக்காரர்களைப் பகைக்கவில்லை. ஆயினும் நஷ்டம் அவர்களுக்கே. எண்ணிப் பாராவிடில் இதை யார் அறிந்திருப்பார்?

இவ்வுதாரணங்களிலிருந்து தெளிவது யாதெனில், குற்றவாளி இன்னார் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு தேடப் புகுதல் கூடாது என்பதே. எந்தக் கட்சியாரும், எந்த ஜாதியாரும், தமக்கு வேண்டிய முடிவையே எண்கள் சொல்லும் என்று எதிர்பார்த்தல் ஆகாது.

இனி நமது நாட்டு நிலைமைக்கு வருவோம். முகம் பார்த்து மார்க்குப் போடும் முறைக்கு எதிராக நமது கோர்ட்டுகளில் நெடுநாளாகவே வழக்காடி வந்திருக்கிறோம். தமிழ்நாட்டு வைத்தியக் கலாசாலைகளில் மாணாக்கரைச் சேர்த்த விஷயமாக 1970 ல் தீர்ப்பான பெரியகருப்பன் வழக்கில், மொத்தம் 275 மார்க்கில் 75ஐ நேர்முகத்துக்கு ஒதுக்கியது மேலெழுந்தவாரியாகவே மிகையாகத் தோன்றுகிறது என்று சுப்ரீம் கோர்ட்டார் கூறினர். ஸ்ரீநகர் பொறியியற் கலாசாலை சம்பந்தமான அஜய் ஹாசியா வழக்கில், எழுத்துக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று வகுத்திருந்தனர்; ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று நிமிஷமே விசாரித்தனர். நேர்முகத்துக்கு நூற்றுக்கு 15க்கு மேல் ஒதுக்குவது தகாது என்றும், அவ்விசாரணையை ஒலிப்பதிவு செய்வது நலம் என்றும் கோர்ட்டார் கூறினர். எழுத்தில் குறைந்து நேர்முகத்தில் மிகுந்தவர் சிலரைக் காட்டுவதனாலேயே பக்ஷபாதம் நிரூபணமாகிவிடாது என்ற எச்சரிக்கையும் அத்தீர்ப்பில் உண்டு. அது சரியான எச்சரிக்கையே. ஒரு மாணாக்கனின் வேற்றுமை சாக்ஷியாகாது. ஒரு கூட்டத்தின் வேற்றுமை வருஷா வருஷம் தொடர்ந்தால் அது சாக்ஷியாகும்.

டெல்லி ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையில் 2016 ல் பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையில் அமைந்த கமிட்டி செய்தது இதைத்தான். ஆராய்ச்சிப் படிப்புக்கான அனுமதிப் பரீக்ஷையில் எழுத்துக்கு 70, வாய்மொழிக்கு 30. பல வருஷக் கணக்கைப் பார்த்தபோது, எழுத்து மார்க்குக்கும் வாய்மொழி மார்க்குக்கும் இடையேயுள்ள வேற்றுமை சமூகப் பிரிவுகளுக்கேற்பத் தொடர்ந்து மாறியதைக் கமிட்டி கண்டு, வாய்மொழியின் பங்கை 15 ஆகக் குறைக்கச் சிபாரிசு செய்தது. அதற்கு முன் 2007 ல் டெல்லி எய்ம்ஸ் வைத்தியக் கலாசாலையைப் பற்றிப் பேராசிரியர் சுகதேவ் தோரட் கமிட்டி விசாரித்தபோது, செய்முறையிலும் வாய்மொழியிலும் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணாக்கர் பலர் வாக்குமூலம் கொடுத்தனர். வாக்குமூலத்தை மறுத்தல் எளிது. கணக்கை மறுத்தல் எளிதன்று. ஆகவேதான் கணக்கு வேண்டும் என்கிறோம்.

அக்கணக்கு நமது கலாசாலைகளிலேயே கைபடாமல் கிடக்கிறது. தமிழ்நாட்டில் பல கலைக் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவப் பரீக்ஷைக்கு 75 என்று மார்க்கைப் பிரித்திருக்கின்றனர். அண்ணா சர்வகலாசாலையின் 2021 ஆம் வருஷத்து விதிகள் எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீட்டை 40 ஆகவும், செய்முறைப் பாடங்களுக்கு 60 ஆகவும் உயர்த்தின. மாணாக்கர் 'இன்டர்னல்' என்று வழங்கும் இம்மார்க்கைப் பெயரும் முகமும் ஊரும் அறிந்த ஆசிரியர் போடுகிறார். பருவப் பரீக்ஷைத் தாளோ, பெரும்பாலும் பதிவெண் மறைக்கப்பட்டு, 'டம்மி நம்பர்' இடப்பட்டு, வேற்று ஆசிரியரிடம் போகிறது. இஸ்ரேலில் லாவிக்குக் கிடைத்த இரண்டு கைகளும் நமது பரீக்ஷை அதிகாரிகளின் காரியாலயத்தில், ஒவ்வொரு மாணாக்கனுக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், பருவந்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சேர்த்துப் பார்ப்பவர்தாம் இல்லை.

பார்க்கும் முறை கடினமன்று. உதாரணத்துக்காக ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். தமிழில் படித்து வந்த கிராமத்து மாணாக்கரும், இங்கிலீஷில் படித்து வந்த பட்டணத்து மாணாக்கரும் டம்மி நம்பர்த் தாளில் சராசரி நூற்றுக்கு 60 வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்னலில் மட்டும் முன்னவர் 74, பின்னவர் 82 என்றிருந்தால், அந்த 8 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வருகைப் பதிவு காரணமாயின் பதிவேடு சொல்லும். ஸெமினார் காரணமாயின், அங்கே அளந்தது பாட அறிவையா, பேச்சுச் சரளத்தையா என்று ஆராயலாம். எல்லாக் காரணங்களையும் கழித்த பின்னும் வேற்றுமை நின்று, பருவம் பருவமாகத் தொடர்ந்து வருமாயின், ஆசிரியரைக் கூண்டிலேற்ற வேண்டாம்; முறையைத் திருத்தியாக வேண்டும். இவ்வாறே ஜாதி, மதம், ஆண் பெண் வேற்றுமை ஆகியவற்றையும் பார்க்கலாம். நாற்பது பேர் கொண்ட ஒரே வகுப்பை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது; பல வகுப்புகளும் பல வருஷங்களும் சேர்ந்தாலே எண் பேசும்.

இதற்கு மறுப்புகள் சில கூறப்படுகின்றன. ஆசிரியரின் கௌரவத்துக்கு இழுக்கு என்பது ஒன்று. வியாபாரியின் படிக்கல்லைச் சர்க்கார் முத்திரையிட்டுச் சோதிப்பதால் நேர்மையான வியாபாரிக்கு இழுக்கு உண்டாகிறதா? அவனுக்கு அது பாதுகாப்பேயாகும். பெயரை மறைப்பதால் பெரும் பயனில்லை என்பது மற்றொன்று. இதில் உண்மை உண்டு. ஒரு பிரிட்டிஷ் சர்வகலாசாலையின் பல வருஷக் கணக்குகளைச் சோதித்து 2017 ல் வெளியான ஆராய்ச்சியில், பெயரை மறைத்த பின்னும் மாணாக்கர் கூட்டங்களுக்கிடையேயுள்ள வேற்றுமை ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆகவே வேற்றுமை முழுவதையும் ஆசிரியரின் தலையில் கட்டுதல் தவறு. வறுமை, வேலை செய்துகொண்டே படிக்கும் கஷ்டம், முன் படிப்பின் குறை முதலியனவும் உண்டு. ஆனால் எங்கே பக்ஷபாதம் இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்வதற்கும் கணக்கே வேண்டும். இல்லையென்று கணக்கு காட்டினால், முதலில் மகிழ்பவர் நாமே.

சர்வகலாசாலைகளை நாம் கேட்பது இதுவே. ஒவ்வொரு கலாசாலையும் வருஷந்தோறும் துறைவாரியாக, தனி மாணாக்கர் பெயரும் ஆசிரியர் பெயரும் வராமல், இன்டர்னல் மார்க்குக்கும் டம்மி நம்பர் மார்க்குக்கும் உள்ள வேற்றுமையைச் சமூகப் பிரிவுப்படி கணக்கிட்டு வெளியிட வேண்டும். கலாசாலைக்குள் எழுதும் சோதனைத் தாள்களுக்கும் எண் மட்டுமே இட வேண்டும். விடைத் திறவுகோலை முன்கூட்டி எழுதி வைத்து, எல்லார் தாளிலும் முதல் கேள்வியைத் திருத்தி முடித்த பின்பே இரண்டாம் கேள்விக்குப் போக வேண்டும். ஒரு விடையின் பளபளப்பு அடுத்த விடையின் மார்க்கைக் கூட்டாது. அடுக்கின் வரிசையைத் தடவைக்குத் தடவை மாற்ற வேண்டும். முகத்தை மறைக்க முடியாத வாய்மொழியிலும் செய்முறையிலும் இருவர் தனித்தனியே மார்க்குப் போட்டுக் காரணத்தை இரண்டு வரியில் எழுத வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டுவதில்லை, மனம் வேண்டும்.

சிண்டிகேட் அங்கத்தினர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் இதைக் கேட்க வேண்டும். அவர்களினும் முந்தி ஆசிரியர் சங்கங்களே கேட்குமாயின், அது அவர்களுக்கே பெருமை. நமது மாநிலத்தின் கலாசாலை வாசல்களில் இன்று நிற்கும் இளைஞர்களிலும் இளம் பெண்களிலும் எத்தனையோ பேர், தம் குடும்பத்தில் முதன்முதலாக அப்படியேறியவர்கள். அவர்களுக்காகப் பேசச் சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அவர்கள் சலுகை கேட்கவில்லை. தங்கள் விடையை விடையாகப் படிக்கும்படியே கேட்கிறார்கள். வெளிப் பரீக்ஷையில் அவர்களுடைய பெயரை மறைத்து நியாயம் செய்யக் கற்றுக்கொண்ட நாம், பெயர் தெரிந்த இடத்திலும் அதே நியாயம் நடக்கிறதா என்று கூட்டிக் கழித்துப் பார்க்க இனியும் தயங்குவானேன்?